கிழக்கு பார்த்த கேபின்

அத்தியாயம் 4

“என் பேரு நவநீதன் வயசு இருபத்தி நாலு இப்ப நான் இருக்கிறது கப்பல்ல நடுக்கடல்ல அக்கா நல்லா இருக்கியா அம்மாவுக்கு கால் வீக்கம் குறைஞ்சிருக்கா இங்க எனக்கு கேபின் கிளீன் பண்ற வேலை சாப்பாடு பரவாயில்ல டெய்லி காலையில ஆறு மணிக்கு என் பெட்ல வெயில் வந்து விழுது நம்ம காட்டூர் வீடு மாதிரியே கிழக்கு பாத்த ஜன்னல் அலாரமே தேவையில்ல

அக்கா நீயும் மாமாவும் அம்மாவை கூட்டிட்டு ஒரு தடவை கப்பல்ல வாங்க கேபின் எடுக்கறப்ப சொல்றேன் கேட்டுக்க கப்பலுக்கு நடுவுல கீழ் மாடியில எடு ஆட்டம் கம்மி அம்மாவுக்கு வாந்தி வராது மேலயும் கேபின் கீழயும் கேபின் இருக்கிற மாடியா பாரு நீச்சல் குளத்துக்கு கீழ எடுத்தா விடியறதுக்குள்ள நாற்காலி இழுக்கிற சத்தம் டான்ஸ் ஹாலுக்கு மேல எடுத்தா டம் டம்னு தூங்க விடாது கம்பெனியே ஒதுக்கட்டும்னு விட்டா லிஃப்ட் பக்கத்துல தள்ளிடுவாங்க நம்பர் பாத்து நீயே கேளு ஸ்பா பாஸ் முதல் நாளே வாங்கிடணும் கொஞ்சம் பேருக்குத்தான் குடுப்பாங்க பாஸ்னா நீராவி ரூமும் வெந்நீர் தொட்டியும் மட்டும்தான் மசாஜ் தனி அது வேணும்னா கப்பல் கரையில நிக்கிற அன்னிக்கு கேளு எல்லாரும் ஊர் சுத்த இறங்கிடுவாங்க ரேட்டை குறைப்பாங்க டிக்கெட் விலையில துறைமுக வரி டிப்ஸ் எல்லாம் சேராது சேத்து எவ்வளவுன்னு கேளு புக் பண்ணதுக்கு அப்புறம் விலை இறங்குனா வித்தியாசத்தை திருப்பி கேக்கலாம் கேட்டாத்தான் குடுப்பாங்க ஹலோ ஆ சொல்லுங்க மேடம் ஆமா மேடம் கிழக்கு அடையவளஞ்சான் தெரு பத்தொம்பது தானே அச்சடிச்ச டிக்கெட் கொரியர்ல வந்துரும் மேடம் மிச்சத்தை மட்டும் பதினஞ்சாம் தேதி நாலு மணிக்குள்ள சரி மேடம் சரி அக்கா பதினேழாம் தேதி என்னை வேற கப்பலுக்கு மாத்துவாங்க போலிருக்கு போனை வாங்கிடுவாங்க அதுக்கு அப்புறம் மெசேஜ் வராது அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லு”

ஒரே மூச்சில் படித்து முடித்த ஹாலித், போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

“புள்ளி இல்ல, கமா இல்ல. இந்தக் கப்பல்ல மூச்சு விடறதுக்கும் தனி கட்டணம் போலிருக்கு மேடம்.”

சிரிக்கிற மனநிலையில் அங்கே யாருமில்லை. ஜாஹ்னவி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியின் நுனியில், இன்னும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், நவநீதனின் அக்கா இளவேனில் உட்கார்ந்திருந்தாள். காட்டூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து நேரே பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

ஜாஹ்னவி பதினெட்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஹாலித் அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். மூன்று வேலைக்கு ஒரு சம்பளம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ஆனால் வேறு வேலை தேட மாட்டான்.

“தம்பி போய் அஞ்சு மாசம் ஆச்சுங்க,” என்றாள் இளவேனில். “ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப். ஆபீஸ்ல போர்டைக் கழட்டிட்டான். இன்னிக்கு தேதி பதினஞ்சு. நாளன்னிக்கு இவனை மாத்திட்டாங்கன்னா அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்குள்ள அவன் எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. கூட்டிட்டு வர்றதை நான் பாத்துக்கறேன்.”

“கப்பல்ல இருக்கேன்னு அவனே சொல்றானே. நம்பலையா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நம்பினேன். இது வந்ததுலேர்ந்து நம்ப முடியலை. ஏன்னு சொல்லத் தெரியலை.”

“நான் சொல்றேன். சொந்த அக்காவுக்கு எழுதறவன் பேரும் வயசும் சொல்லியா ஆரம்பிப்பான்?”

“கிண்டல் பண்றான்னு நினைச்சேங்க.”

“கிண்டல் இல்லம்மா. உங்களுக்கு மட்டும் எழுதலை அவன். எவன் கையில இது கிடைச்சாலும் தான் யாருன்னு தெரியணும்னு எழுதியிருக்கான்.” ஜாஹ்னவி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “ரெண்டாவது, புள்ளி கமா இல்லாததைப் பாத்தாலே தெரியுது, இது வாயால சொல்லி போனே எழுதினது. வாயைத் திறந்து இவ்வளவு பேசறவன் அந்தக் குரலையே அனுப்பியிருக்கலாமே? அதுவும் ஒரே பட்டன்தானே?”

இளவேனிலின் முகம் மாறியது. “அஞ்சு மாசமா அவன் குரலே கேக்கலைங்க. கடல்ல நெட் போதாதுன்னான்.”

“குரலை அனுப்பினா பக்கத்துல இருக்கிற சத்தமும் கூடவே வரும். அதுக்குப் பயந்துதான் எவனோ தடுத்து வெச்சிருக்கான். அலைச் சத்தம் வெளியில கேட்டா யாருக்கு என்ன நஷ்டம்?”

ஹாலித் பாட்டிலை மூடினான். “மேடம், எனக்கு அந்த வெயில்தான் இடிக்குது. எங்க சின்னம்மா பையன் ரஃபீக் கப்பல்ல சமையல். அவன் தூங்கற ரூம் தண்ணி மட்டத்துக்குக் கீழ. ஜன்னல் வெச்சா மீன்தான் எட்டிப் பாக்கும். வெளிச்சம் வர்ற ரூமெல்லாம் காசு குடுத்து வர்றவங்களுக்கு. கூட்டிப் பெருக்கறவனுக்கு எவன் குடுப்பான்?”

“குடுத்தான்னே வெச்சுக்கோ. கப்பல் திரும்பாதா?”

ஹாலித் யோசித்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

“இன்னிக்கு இந்தப் பக்கம் கிழக்குன்னா, நாளைக்கு அதே பக்கம் மேற்கு. கப்பல்ல கிழக்கு பாத்த கேபின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. தினமும் ஆறு மணிக்கு ஒரே கட்டில்ல வெயில் விழணும்னா அந்தக் கட்டில் நகராம இருக்கணும். நம்ம ஊர்க்காரங்கதான் எங்க குடி போனாலும் வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம்னு முதல்ல பாப்போம். அந்தப் பழக்கத்துல பையன் உண்மையைச் சொல்லிட்டான்.” ஜாஹ்னவி குரலைத் தாழ்த்தினாள். “உங்க தம்பி கடல்ல இல்லம்மா. தரையில இருக்கான். ஏதோ ஒரு கட்டடத்துல.”

“தரையில இருந்தா நல்லதுதானுங்களே?”

இளவேனில் இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மெசேஜ் நடுவுல ஒரு மேடம் வந்து போறாங்களே, அது என்னது?” என்றான் ஹாலித், பேச்சை மாற்றுவதற்காக.

“நீயே செஞ்சு பாரு.”

ஹாலித் தன் போனை எடுத்து, குரல் எழுத்தாகும் பட்டனை அழுத்தி, வாயருகே பிடித்தான். “ஜாஹ்னவி மேடம் வர்ற மாசத்துலேர்ந்து ஹாலித்துக்கு சம்பளம் கூட்டி...” என்று அவன் சொல்லும்போதே கீழே கண்டக்டர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். திரையைக் காட்டினான். ‘ஹாலித்துக்கு சம்பளம் கூட்டி ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம் ஏறு ஏறு.’

“பாத்தியா? போனுக்கு அக்கா யாரு, அடுத்த ஆள் யாருன்னு தெரியாது. காதுல விழுந்ததை எழுதும். ஒரு கையில இந்தப் போன்ல உங்களுக்குச் சொல்லிட்டு இருக்கான். இன்னொரு போன் அடிக்குது. எடுத்து பேசறான். இதை நிறுத்தலை. மறந்துட்டானா, வேணும்னே விட்டானான்னு எனக்குத் தெரியாது.” ஜாஹ்னவி எழுந்து கைப்பையை எடுத்தாள். “கப்பல்ல ரூம் துடைக்கிறவன், ஸ்ரீரங்கத்துல ஒரு அம்மாவுக்கு டிக்கெட் விக்கிறான். கிழக்கு அடையவளஞ்சான் தெரு, பத்தொம்பது. மிச்சப் பணம் இன்னிக்கு நாலு மணிக்குள்ள. மணி என்ன?”

“ரெண்டேகால்.”

“வண்டியை எடு.”

*

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. ஜாஹ்னவி முன் ஸீட்டிலிருந்து ஜூட்டுக்குப் போன் போட்டாள். வேலைக்கென்று போய் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தூதரகம் மூலம் மீட்டு வருகிறவர் ஜூட். சென்னையில் இருக்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் கொஞ்சம் அலுப்பாகத்தான் இருந்தது. இந்தக் கதையை அவர் மாதத்துக்கு நாலு தடவை கேட்கிறவர்.

“புரியுதுங்க. போன்ல ஆளுங்களை ஏமாத்தற கூடம். வேலைன்னு சொல்லி ஃபிளைட் ஏத்துவான். இறங்கினதும் பாஸ்போர்ட்டைப் புடுங்கிடுவான். ஒரு ரூம்ல நாப்பது பேர். ஒருத்தன் லாட்டரி விப்பான், ஒருத்தன் கல்யாண வரன் பேசுவான், ஒருத்தன் கப்பல் டிக்கெட். வீட்டுக்காரங்களுக்கும் வித்துப் பாருன்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு ரெண்டு வரி எழுத விடறதே இங்க யாரும் தேடக் கூடாதுன்னுதான்.”

“கொண்டுவர முடியுமா?”

“போன வருஷம் பதினோரு பேரைக் கொண்டுவந்தோம். பதினோரு பேருக்கும் விலாசம் இருந்துச்சு. ஊர், கட்டடம், எத்தனாவது மாடி. எங்கயோ இருக்கான்னு சொன்னா நான் எந்த நாட்டுக் கதவைத் தட்டறது? அந்தப் பதினேழாம் தேதி வேற. மாத்தறாங்கன்னா இன்னொரு கூட்டத்துக்குக் கைமாத்தறாங்கன்னு அர்த்தம். அப்படி மாத்திட்டா கையில இருக்கிற விலாசமும் செத்துடும்.”

ஜாஹ்னவி நன்றி சொல்லி வைத்தாள்.

பின் ஸீட்டிலிருந்து இளவேனில் கேட்டாள். “விக்கலைன்னா அடிப்பாங்களாண்ணே?”

ஹாலித் ஹாரனை அழுத்தினான். அவன் முன்னால் நின்றிருந்த லாரி எப்போதோ நகர்ந்து போயிருந்தது.

*

பத்தொன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் கோலம் இன்னும் கலையாமல் இருந்தது. கதவைத் திறந்தவர் ரங்கம்மா. எழுபத்தோரு வயது. பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வாசல் பலகையே சொன்னது. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடாக ஸ்ரீசூர்ணம், காதில் வைரத்தோடு. வந்தவர்களைத் தாமதமாக வந்த மாணவிகளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

“யாரு நீங்கள்லாம்?”

“கப்பல் டிக்கெட் விஷயமா வந்திருக்கோம் டீச்சர்,” என்றாள் ஜாஹ்னவி.

முகம் மலர்ந்துவிட்டது. “நவீன் அனுப்பிச்சானா? வாங்கோ, உள்ள வாங்கோ. இப்பத்தான் மிச்சத்தைக் கட்டலாம்னு போனை எடுத்து வெச்சேன்.”

கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று விலைச்சீட்டோடு நின்றிருந்தது. ரங்கம்மாவும் பெங்களூரிலிருக்கும் தங்கை ஹம்ஸாவும் ஏழு நாள் கப்பலில் போகப் போகிறார்கள். எந்த நவீன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார்.

“தங்கமான பையன். எத்தனை கேள்வி கேட்டாலும் சலிச்சுக்க மாட்டான். பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கும், அவ்வளவு பெரிய ஆபீஸ். நான் ஆசையாப் பால்கனி கேபின்தான் கேட்டேன். உள்பக்க கேபின் போறும் மேடம், தூங்கத்தானே போறீங்க, காசைக் கடல்ல கொட்டாதீங்கன்னான். ஸ்பா பாஸ் வேண்டாம், எழுபது வயசுக்கு நீராவி ஒத்துக்காதுன்னான். விக்கிறவன் எவனாவது வேண்டாம்பானா? இதப் பாருங்கோ, எப்படி விவரமா எழுதியிருக்கான்.”

போனை நீட்டினார். இளவேனில் வாங்கிப் படித்தாள். கப்பலுக்கு நடுவுல கீழ் மாடியில எடுங்க மேடம். ஆட்டம் கம்மி. உங்களுக்கு வாந்தி வராது. நீச்சல் குளத்துக்குக் கீழ எடுத்தா விடியறதுக்குள்ள நாற்காலி இழுக்கிற சத்தம். அவள் உதடுகள் அசைந்தன. அடுத்த வரி என்னவென்று பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். லிஃப்ட், ஸ்பா, துறைமுக வரி. பிறகு நின்றுவிட்டாள்.

“டீச்சர், இது நவீன் இல்லைங்க. என் தம்பி.”

“உன் தம்பியா? ரொம்ப சந்தோஷம். நல்லா வளத்திருக்கேள்.”

அந்தப் பாராட்டு இளவேனிலை அடித்துப் போட்டது. அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஜாஹ்னவிதான் சொன்னாள். அலங்காரமில்லாமல், நாலே வாக்கியத்தில். ரங்கம்மா நடுவில் குறுக்கிடவில்லை. கடைசியில் கேட்டார்.

“அப்போ கப்பல்?”

“இல்லை டீச்சர்.”

“கேபின் நம்பர் குடுத்திருக்கானே? ஸ்பா?”

“வெந்நீர் வேணும்னா இனிமே அடுப்புதான் டீச்சர்,” என்றான் ஹாலித். சொன்ன மறுகணமே அதற்காக வருத்தப்பட்டான். ரங்கம்மா திட்டவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“முப்பத்தி நாலு வருஷம். எந்தப் பொண்ணு வயித்துவலின்னு பொய் சொல்றா, எவளுக்கு நிஜமாவே வலிக்கறதுன்னு வாசல்ல நிக்கறச்சயே சொல்லிடுவேன். என்னைப் போய்...”

“நீங்க ஆளைத் தப்பா எடை போடலை,” என்றாள் ஜாஹ்னவி. “விலை கம்மியானதையே எடுங்க, அது வேண்டாம் இது வேண்டாம்னு சொன்னது உங்க நஷ்டத்தைக் குறைக்கத்தான். பின்னாடி நிக்கிறவனுக்கு உறைக்காம அவனால அவ்வளவுதான் செய்ய முடிஞ்சிருக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

இளவேனில் சட்டென்று தரையில் உட்கார்ந்து ரங்கம்மாவின் முழங்காலைத் தொட்டாள். “டீச்சர், நாலு மணிக்குள்ள அதைக் கட்டிடுங்க. பொய்னு தெரிஞ்சேதான் கேக்கறேன். கட்டலைன்னா அவனை அடிப்பாங்க. மாசா மாசம் என் சம்பளத்துலேர்ந்து திருப்பிக் குடுத்துடறேன்.”

“எழுந்திருடி. அழாத.”

“எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்.”

ரங்கம்மா அவளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

“போனது போனதுதான். இதுவும் போகட்டும். யாரோ பெத்த குழந்தை, என்னால அடி வாங்கறதுன்னா நான் எப்படிச் சாதம் சாப்பிடறது?”

ஹாலித் ஜாஹ்னவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. ஜாஹ்னவிக்கே எது சரி என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் இதை அவன் முதல் முறையாகப் பார்க்கிறான்.

“ஒரு நிமிஷம் டீச்சர்,” என்றாள் ஜாஹ்னவி. “போன்ல வர்ற எழுத்தையெல்லாம் மெஷின்ல போட்டு, அவங்க பாஷைக்கு மாத்தி அங்கே படிச்சுப் பாப்பாங்க. பேசினா ஒட்டுக் கேப்பாங்க. அதுல அவன் ஒண்ணும் சொல்ல முடியாது. தமிழ்க் கையெழுத்து மெஷினுக்குச் சரியாப் படிக்க வராது. கையால எழுதி ஏதாவது அனுப்பினானா?”

“கையாலயா? அந்த ஃபாரம் ஒண்ணுதான். அது முழுக்கத் தப்பு.”

“என்ன ஃபாரம்?”

“பயணி விவரப் படிவம். பேர், வயசு, விலாசம், சாப்பாடு என்ன வேணும், அதெல்லாம். எனக்கு நிரப்பினது ஒண்ணு மாதிரிக்கு வேணும்னு கேட்டேன். ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வந்தா முதல்ல மாதிரி ஒண்ணு எழுதி போர்டுல ஒட்டிட்டுத்தான் பொண்ணுகள் கையில குடுப்பேன். பழக்கம். நானே பண்ணி அனுப்பறேன் மேடம்னான். கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பினான். ஆறாந்தேதி வந்தது. பிரிண்ட் எடுத்துப் பாத்தா இப்படியா நிரப்பறது? திருத்தி, மார்க் போட்டு, நானும் போட்டோ எடுத்து அனுப்பிச்சேன்.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“நன்றி மேடம்னு போட்டான். அவ்வளவுதான்.”

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்து காகிதத்தை உருவிக் கொடுத்தார். நீல மையில் எழுதியது பாதி. சிவப்பு மையில் எழுதியது பாதி. மேல் மூலையில் வட்டம் போட்டு 4/10.

“அவன் கையெழுத்துதான்,” என்றாள் இளவேனில்.

ஹாலித் உரக்கப் படித்தான்.

“பயணியின் பெயர்: நவநீதன். சிவப்புல, இனிஷியல் எங்கே? வயது: இருபத்தி நாலு. மறுபடி சிவப்புல, பிறந்த தேதியும் எழுத வேண்டும். தற்போது இருக்கும் இடம்...” அவன் குரல் தடுமாறியது. வாயில் நுழையாத ஓர் ஊரின் பெயர் இருந்தது. நவநீதன் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தான். “எல்லை கேட்டுலேர்ந்து ஆத்தோரமா வந்தா மூணாவது கட்டடம். முன்னாடி ஹோட்டலா இருந்தது. மஞ்சள் பெயின்ட். பேர் பலகையைக் கழட்டிட்டாங்க. மூணாவது மாடி, கிழக்குப் பக்கம், கம்பி போட்ட ஜன்னல். நம்ம ஊர்ப் பசங்க ஆறு பேர் இருக்கோம்.”

அதன் ஓரத்தில் அழகான சிவப்பு எழுத்தில்: ‘விலாசத்தில் வர்ணனை கூடாது. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு மட்டும்.’

“அவசரத் தொடர்புக்கு: இளவேனில், அக்கா.” பக்கத்தில் பத்து இலக்கம். அந்தக் காகிதத்திலேயே அந்த ஒரு வரிக்கு மட்டும் சிவப்பில் ‘சரி’ என்று குறி போட்டிருந்தது.

“என் நம்பர்,” என்றாள் இளவேனில்.

ரங்கம்மா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாதிரின்னா கற்பனையா எழுதுவான்னுதானே நினைப்பா. ராமன், லட்சுமணன்னு எழுதறதில்லையா? அந்த மாதிரின்னு... ஒன்பது நாளா இந்த அலமாரியில வெச்சிருக்கேன்.” அவர் மேல் மூலையிலிருந்த வட்டத்தை விரலால் தொட்டார். “நாலு மார்க் போட்டேன் நான். நாலு மார்க்.”

ஜாஹ்னவி அதற்குள் விலாசத்தைப் படமெடுத்து ஜூட்டுக்கு அனுப்பி, அவரைக் கூப்பிட்டிருந்தாள். மறுமுனையில் அலுப்பு காணாமல் போயிருந்தது. “இது போதுங்க. இப்பவே தூதரகத்துல பேசறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உள்ளூர் போலீஸோட ஆள் போக வைக்கப் பாக்கறேன். ஒரே ஒரு விஷயம். அதுவரைக்கும் பையன் அதே மாடியில இருக்கணும்.”

“கட்டிடுங்க டீச்சர், சீக்கிரம்,” என்றாள் இளவேனில். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவனை எதுவும் பண்ணாம இருக்கணும்.”

அப்போது ரங்கம்மாவின் போன் ஒலித்தது. நவீன். ‘மேடம், மணி மூணு ஐம்பது. பணம் இன்னும் வரலை.’ அதற்குக் கீழே, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் துள்ளின. இளவேனில் அந்தப் புள்ளிகளைத் தொடப் போனாள். ஐந்து மாதத்தில் தம்பிக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததில்லை. ஜாஹ்னவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு எழுத்துகூடப் போடாதீங்கம்மா. அவன் தோளுக்குப் பின்னாடி ஆள் நிப்பான்.”

ரங்கம்மா வங்கிப் பக்கத்தைத் திறந்தார். ரகசிய எண்ணைத் தட்டினார். அவசரத்தில் தப்பானது. மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

“இருங்க டீச்சர்,” என்றான் ஹாலித். அவன் இன்னும் அந்தக் காகிதத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தான். “கீழ இன்னொரு கட்டம் இருக்கு.”

‘வேறு தேவைகள்’ என்ற கட்டம். நெருக்க நெருக்கமாக எட்டு வரி. மொத்தத்தையும் குறுக்கே சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘சைவ உணவு, சக்கர நாற்காலி போன்றவை மட்டுமே இங்கு எழுத வேண்டும். சொந்தக் கதை கூடாது’ என்று எழுதியிருந்தது. “முதல் வரியைப் பாத்ததுமே கதைன்னு அடிச்சுட்டேன், முழுசாப் படிக்கலை,” என்றார் ரங்கம்மா. ஹாலித் ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தான். இரண்டு வரி மனதுக்குள் படித்தான். பிறகு அதைத் தான் படிப்பது முறையல்ல என்று நினைத்தவன்போல இளவேனிலிடம் நீட்டினான்.

அவள் படித்தாள்.

“இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் கேட்டுக்கறேன். மேல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் போட்டு இந்த விலாசத்தை எங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. அம்மாகிட்ட வேண்டாம். பதினேழாம் தேதி இங்கேயிருந்து நல்லா விக்கிறவங்களை மட்டும் வேற நாட்டுக்கு ஏத்தறாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததா நான் கேள்விப்படலை. உங்க மிச்சப் பணம் வந்தா அந்த லிஸ்ட்ல என் பேர் ஏறிடும். வரலைன்னா அடிப்பாங்க, சோறு போட மாட்டாங்க, ஆனா இதே மாடியிலதான் கிடப்பேன். அதை நான் தாங்கிக்கறேன். தயவு செஞ்சு பணத்தைக் கட்டாதீங்க.”